டீ மேக்கர் மாமா ஏன் முகம் கொடுப்பதில்லை?

கேள்வி:

ஐயா, கோத்தகிரி பக்கம் விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கித் தூள் தயாரிக்கும் ஒரு தனியார் ஃபேக்டரியில் உதவி மேலாளராக இருக்கிறேன். வயது 33. என் அப்பா இதே ஃபேக்டரியில் இலையை உலர்த்தும் ட்ரையரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன வருடம் ஃபேக்டரி கை மாறியது. புது முதலாளி கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர். மூன்று மாற்றங்களைச் செய்து முடிக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார். ஒன்று, நோட்டில் இலை எடை எழுதுவதை நிறுத்திவிட்டு மின்னணுத் தராசு. எடை உடனே விவசாயியின் போனுக்கு எஸ்.எம்.எஸ். போய்விடும். இரண்டு, இப்போது ஓடும் சி.டி.சி.யோடு (இலையை உருளைகளில் நறுக்கிக் கிழிக்கும் முறை) புதிதாக ஒரு ஆர்த்தடாக்ஸ் லைன் (இலையை உடைக்காமல் முறுக்கும் முறை). அதற்காக முற்றல் இலையை வாங்காமல் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று, இரண்டு ஷிஃப்டை மூன்றாக்குவது.

கூட்டம் போட்டேன். ப்ரொஜெக்டர் வைத்து எல்லாவற்றையும் விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒரு மாதமாகிறது, ஒன்றும் நகரவில்லை. தராசின் பேட்டரி தினமும் தீர்ந்துபோகிறது. 27 வருடமாகத் தூள் தயாரிப்பைப் பார்த்துக்கொள்ளும் டீ மேக்கர், சின்ன வயதிலிருந்து நான் மாமா என்று கூப்பிடுகிறவர், இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆள் குறைப்பு வரப்போகிறது என்று வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. சலிக்கும் பகுதியில் இருக்கும் அக்காமார்கள், "தம்பி, நீ எந்தப் பக்கம்?" என்று கேட்கிறார்கள். ஏப்ரலுக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்கிறார் முதலாளி. இவர்களை எப்படிச் சம்மதிக்க வைப்பது? பெயர் வேண்டாம்.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த பேட்டரிதான். புதுத் தராசின் பேட்டரி தினமும் தீராது. யாரோ ராத்திரி சார்ஜில் போடாமல் விடுகிறார்கள், இல்லையென்றால் போட்டதைக் கழற்றிவிடுகிறார்கள். ஆளைக் கண்டுபிடித்து மெமோ கொடுக்கலாமா என்று நீங்கள் யோசித்திருக்கலாம். கொடுக்காதீர்கள். கூட்டத்தில் தலையாட்டியவர்கள் வாய்விட்டுச் சொல்லாததை அந்த பேட்டரி சொல்லிக்கொண்டிருக்கிறது.

அந்த நோட்டில் எடையைத் தவிர வேறு என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். இலை வண்டி ஊருக்குள் போகிறது. லீஃப் சூப்பர்வைசர் சாக்கைத் தராசில் மாட்டுகிறார். சாக்குக்கு இவ்வளவு, மழை நாளென்றால் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிக்கிறார். ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பது அவர் கை சொல்லும் கணக்கு. சாக்குக்குள் கையை விட்டு, ஒரு பிடி இலையை அள்ளி, அழுத்திப் பார்த்துவிட்டு ஒரு எண் சொல்வார். கல்யாணம் வைத்திருக்கிற வீட்டுக்கு ஒரு கிலோ குறைத்துக் கழிப்பார். போன வாரம் வம்பு பேசினவருக்கு ஒரு கிலோ கூட்டிக் கழிப்பார். அவர் வந்து நின்றால் நாற்காலி வரும், டீ வரும். அவர் காசு பார்த்தார் என்று நான் சொல்லவரவில்லை. அநேகம் பேர் பார்ப்பதில்லை. ஆனால் ஊரில் அவருக்குள்ள மதிப்பு அந்தக் கழிவில்தான் இருக்கிறது. மின்னணுத் தராசு வந்ததும் அவர் சாக்குத் தூக்குகிற ஆளாகிவிடுகிறார். நீங்கள் ப்ரொஜெக்டரில் வெளிப்படைத்தன்மை என்று பெரிதாகப் போட்டிருப்பீர்கள். இவ்வளவு நாளும் நீ திருடினாய் என்றுதான் அது அவர் காதில் விழுந்திருக்கும்.

அன்றைக்கு நீங்கள் பேசியது முழுக்க வரவுக் கணக்கு. நல்ல விலை, புது மார்க்கெட், நேரம் மிச்சம், தகராறு குறையும். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் மனசுக்குள் செலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கணக்கை நீங்கள் கேட்கவில்லை, அவர்களாகச் சொல்லவும் மாட்டார்கள். எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்கிறீர்கள். இந்த மாற்றத்தால் யாருக்கு எது போகிறது என்பது தெரியாத வரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

ஒரு தாள் எடுத்து ஆள் ஆளாக எழுதுங்கள். கூலி போகிறதா, ஓவர்டைம் போகிறதா, பழகின கை போகிறதா, பக்கத்தில் நின்று வேலை செய்யும் தோழி வேறு ஷிஃப்டுக்குப் போகிறாளா, ஊரில் இருந்த மதிப்பு போகிறதா. பணக் கணக்கு மட்டும் எழுதி நிறுத்தினால் அந்தத் தாள் பாதிதான். 2022 மே மாதம் நம் நீலகிரி மாவட்டத்தில்தான் டாஸ்மாக் காலி பாட்டிலைத் திரும்ப வாங்கும் ஏற்பாடு தொடங்கியது, நினைவிருக்கும். பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூட வாங்கி, காலி பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பிக் கொடுப்பது. காட்டில் கண்ணாடி விழக்கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கடை ஊழியர்கள் கேட்டது வேறு: பாட்டிலை எங்கே அடுக்குவது, யார் எண்ணுவது, ஸ்டிக்கர் ஒட்ட ஆள் யார்? திட்டம் நல்லது என்று மறுபடி மறுபடி விளக்குவதால் இந்தக் கேள்விகளுக்குப் பதில் வராது.

உங்கள் மூன்றில் மிகப் பெரிய செலவு எதில் என்று நினைக்கிறீர்கள்? ஆர்த்தடாக்ஸைப் பற்றித்தான் கடிதத்தில் அதிகம் கவலைப்படுகிறீர்கள். என் கணக்கில் ஷிஃப்ட்தான் பெரிது. அதை நீங்கள் ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். இரண்டு ஷிஃப்ட் ஓடுகிற ஃபேக்டரியில் சீசன் நேரத்தில் ஆட்கள் எட்டு மணி நேரத்தோடு வீட்டுக்குப் போவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். சட்டம் வைத்திருக்கிற வேலை நேரத்துக்கு மேலே போனால் இரட்டைக் கூலி கொடுக்க வேண்டும். அந்த ஓவர்டைமை நம்பித்தான் பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், சீட்டு, சுயஉதவிக் குழுத் தவணை எல்லாம் ஓடுகிறது. மூன்று ஷிஃப்ட் வந்தால் அது நின்றுபோகும். முதலாளி சேமிப்பு என்று பார்க்கிற அதே தொகை அவர்கள் வீட்டில் பற்றாக்குறையாக விழுகிறது. இதை அவர்கள் உங்களுக்கு முன்னாலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள். நீங்கள் சொல்லாமல் விட்டதால், மறைக்கிறீர்கள் என்று நினைக்கிறார்கள்.

அப்புறம் அந்த ராத்திரிப் பாதை. இரண்டாவது ஷிஃப்ட் பத்து மணிக்கு முடிந்தால் கடைசி பஸ் இருக்கிறதா? கோத்தகிரியைச் சுற்றித் தேயிலைக் காட்டுக்குள் இருட்டினதும் கரடி நடமாட்டம், காட்டெருமை நடமாட்டம் உண்டு. ஃபேக்டரி வண்டி வீட்டு வாசல் வரை வரும் என்று எழுதிக் கொடுக்காமல் எந்தப் பெண்ணிடமும் ஷிஃப்ட் மாற்றத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பது என் கருத்து.

இனி மாமா விஷயம்.

சி.டி.சி.யில் அவர் ராஜா. புளிக்கவைத்த இலை எந்த நிமிடத்தில் ட்ரையருக்குப் போக வேண்டும் என்று கடிகாரம் பார்க்காமல் சொல்லக்கூடியவர். நிறத்தைப் பார்ப்பார், மூக்கருகே கொண்டுபோவார், போதும் என்பார். பனிக்காலத்து இலைக்கு ஒரு நேரம், மழைக்காலத்து இலைக்கு வேறு நேரம் என்பதெல்லாம் 27 வருடத்தில் அவர் மூக்குக்கு வந்த படிப்பு. ஆர்த்தடாக்ஸில் கணக்கே மாறுகிறது. இலையை இன்னும் நன்றாக வாட்ட வேண்டும். நறுக்கிக் கிழிக்கிற உருளைகளுக்குப் பதிலாக ரோலரில் முறுக்க வேண்டும். இலை உடைந்தால் விலை போச்சு. அந்த லைன் முன்னால் அவர் முதல் நாள் வேலைக்கு வந்த பையன் மாதிரி நிற்கப்போகிறார். அதுவும் யார் முன்னால்? அவர் வேலை கற்றுக்கொடுத்தவர்கள் முன்னால். சொல்லித்தரப்போவது யார்? ஈரப்பதம் அளக்கிற மீட்டரோடு வெளியிலிருந்து வருகிற ஒரு இருபத்தைந்து வயதுப் பையன். இத்தனையும் அவருக்குத் தெரிந்தது எப்படி? தூக்கிவளர்த்த பிள்ளை கூட்டத்தில் ப்ரொஜெக்டர் போட்டுச் சொல்லி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் முகம் கொடுத்திருக்க மாட்டேன்.

ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போங்கள். கையில் ஃபைல் வேண்டாம். மாமா, நீங்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் சரி என்பதைத் தவிர அவரால் வேறு எதுவும் சொல்ல முடியாது, அந்தச் சரிக்கு மதிப்பும் கிடையாது. "மாமா, இந்த லைனை ஓட்டினால் முதல் மாதத்தில் எதெல்லாம் கெட்டுப்போகும்?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். இலையைப் பரப்பி வாட்டுகிற ட்ரஃப் (நீளத் தொட்டி) போதாது என்பார். மழை நாளில் காற்று சூடு ஏற்ற வேண்டும், விறகு கூடச் செலவாகும் என்பார். இந்த ஊர் இலை முறுக்குக்கு வரும், அந்த ஊர் இலை வராது என்பார். குறை சொல்கிறார் என்று தோன்றும். கோயம்புத்தூரில் போட்ட திட்டத்தில் இல்லாத ஒரு செயல்திட்டத்தை அவர் உங்களுக்கு வாய்வழியாக எழுதிக் கொடுக்கிறார். வீட்டுக்கு வந்ததும் மறக்காமல் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அவரை ஆர்த்தடாக்ஸ் ஓடுகிற ஒரு ஃபேக்டரிக்கு அனுப்புங்கள். நம் மலையிலேயே இருக்கின்றன. அன்றைய கூலியும் பஸ் செலவும் ஃபேக்டரிக் கணக்கில். அவர் விருப்பப்பட்ட ஒரு கைக்காரரைக் கூட்டிக்கொண்டு போகட்டும். நீங்கள் போகாதீர்கள், முதலாளி போகவே வேண்டாம். ஒரு டீ மேக்கர் இன்னொரு டீ மேக்கரிடம் கேட்கிற கேள்விகளை அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது கேட்க மாட்டார்.

அதோடு அவருக்கு ஒரு அதிகாரம் கொடுங்கள், எழுத்தில். இன்றைக்கு இலை சரியில்லை, ஆர்த்தடாக்ஸ் ஓட்ட வேண்டாம் என்று அவர் சொன்னால் அன்றைக்கு அந்த இலை சி.டி.சி.க்குப் போகும், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. மீட்டர் வைத்திருக்கிற பையன் அவரிடம் அளவைச் சொல்லட்டும், முடிவு அவருடையது. முதல் சாம்பிள்களைக் குன்னூரில் உள்ள தேயிலைப் புரோக்கருக்கு அனுப்பி, அவர்கள் ருசி பார்த்துச் சொல்வதை மாமா கையில் நேராகக் கொடுங்கள். உங்கள் வழியாகவோ முதலாளி வழியாகவோ வரக்கூடாது. நல்லதாக இருந்தால் அவரே நாலு பேரிடம் சொல்வார். மோசமாக இருந்தால் நாலு பேருக்குத் தெரியாமல் சரிசெய்ய அவருக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும்.

இவ்வளவு செய்தும் அவருக்கு இஷ்டமில்லை என்றால்? அதுவும் நடக்கக்கூடியதுதான். ஓய்வுக்குச் சில வருடமே இருக்கிற மனிதர் புதிதாகப் படிக்க விரும்பாமல் இருப்பது குற்றம் இல்லை. சி.டி.சி. எப்படியும் ஓடப்போகிறது, அதை முழுப் பொறுப்போடு அவரிடமே விட்டுவிடுங்கள். ஆர்த்தடாக்ஸுக்கு யாரைத் தயார் செய்யலாம் என்று அவரையே கேளுங்கள். ஆனால் ஒரு தேதி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகும் அவருக்காக லைனை நிறுத்தி வைத்தால் மற்றவர்களுக்கு நீங்கள் சொன்ன எந்தத் தேதியும் தேதியாக இருக்காது. இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன்: பதவி வந்த பிறகு ஃபேக்டரிக்குள் அவரை சார் என்றோ பெயர் சொல்லியோ கூப்பிட ஆரம்பித்திருந்தால் நிறுத்துங்கள். எல்லோர் முன்னாலும் மாமா என்றே கூப்பிடுங்கள்.

வாட்ஸ்அப் வதந்தியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அது ஏன் இவ்வளவு சுலபமாகப் பற்றிக்கொள்கிறது என்று கோயம்புத்தூரிலிருந்து பார்த்தால் புரியாது. ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்ற அரசு ஆலை இருந்தது. 1967இல் உற்பத்தி தொடங்கியது. மலையில் எத்தனையோ குடும்பத்துக்குக் கனவு வேலை. நவீன பாலியெஸ்டர் ஃபிலிம் செய்யவென்று பெரிய கடன் வாங்கிப் புது ஆலை போட்டார்கள். 1996இல் நலிந்த நிறுவனம் என்று அறிவிப்பு வந்தது. பிறகு வருடக்கணக்காக விருப்ப ஓய்வு, சம்பளப் பாக்கி, கடைசியில் பூட்டு. உங்கள் ஃபேக்டரியில் யாருடைய சித்தப்பாவோ மாமனாரோ அங்கே வேலை பார்த்திருப்பார். 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போனதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நவீனமாக்குகிறோம் என்று ஒருவர் மேடையேறிச் சொன்னால் இந்த மலையில் ஐம்பது வயதுக்காரர் மனசில் எந்தப் படம் ஓடும்? அந்தப் படத்தின் மேல்தான் நீங்கள் ஸ்லைடு காட்டியிருக்கிறீர்கள்.

குன்னூர் பக்கத்து அருவங்காட்டை இன்னொரு பக்கமாகப் பாருங்கள். ராணுவத்துக்கு ஆயுதம் செய்யும் அரசு ஆலைகளை நடத்திவந்த படைக்கலத் தொழிற்சாலை வாரியத்தை 2021 அக்டோபர் 1ஆம் தேதி கலைத்து, 41 ஆலைகளையும் ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். வெடிமருந்து செய்யும் அருவங்காடு கார்டைட் ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் போனது. தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன, வேலைநிறுத்தத்தைத் தடுக்கத் தனிச் சட்டமே வந்தது. அதன் சரி தப்பு பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு, இங்கே வேண்டாம். நமக்கு வேண்டியது ஒரு விஷயம்: தொழிலாளர்கள் முதலில் கேட்டது, இனி நான் மத்திய அரசு ஊழியனா இல்லையா என்று. அதற்கு எழுத்தில் பதில் இருந்தது. அவர்கள் மத்திய அரசு ஊழியர்களாகவே தொடர்வார்கள், முதலில் இரண்டு வருடத்துக்குக் கம்பெனிக்கு அயல்பணியில் இருப்பதாகக் கருதப்படுவார்கள் என்று. பதில் எல்லோருக்கும் பிடித்ததா என்பது வேறு. ஆனால் பேச ஒரு தரை இருந்தது. தேதி போட்டதால் அந்தத் தேதி நெருங்கியதும் இனி என்ன என்ற கேள்வி மறுபடி வந்தது, அதற்கும் பதில் சொல்லி நீட்டிக்க வேண்டியிருந்தது. உங்கள் ஃபேக்டரியில் அந்தத் தரையே இன்னும் போடவில்லை.

அதைப் போட வேண்டியவர் நீங்கள் அல்ல, முதலாளி. அதனால் தொழிலாளியிடம் போவதற்கு முன்னால் நீங்கள் மேலே போக வேண்டும். கோயம்புத்தூருக்கு ஒரு நாள் இறங்குங்கள். போனில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை.

ஆள் குறையுமா என்பதற்கு முதலில் பதில் வாங்குங்கள். யாருக்கும் வேலை போகாது என்று அவர் சொன்னால், எத்தனை வருடத்துக்கு என்று கேட்டுக் கையெழுத்தோடு வாங்குங்கள். கையெழுத்து இல்லாத அந்த வாக்கியத்தை நீங்கள் ஒருபோதும் உச்சரிக்காதீர்கள். போகும் என்றால் எத்தனை பேர், எந்த அடிப்படையில், எப்போது என்று கேளுங்கள். ஆள்குறைப்பு என்றால் ஒரு வருடமாவது தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாத நோட்டீஸ், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் என்பது சட்டத்தின் கீழ்வரம்பு. பணிக்கொடை அதற்கு மேல். அந்தப் பணம் ஒதுக்கியாயிற்றா என்றும் கேளுங்கள். சங்கடமான கேள்விதான். ஆனால் மூன்று பேருக்கு வேலை போகும் என்று தெரிந்த ஃபேக்டரியில் மற்ற எல்லோரும் வேலை செய்வார்கள். எத்தனை பேருக்கு என்று தெரியாத ஃபேக்டரியில் ஒருவருக்கும் வேலையில் மனம் ஓடாது.

அடுத்து, ஓவர்டைமுக்கு மாற்று. போன பன்னிரண்டு மாதத்தில் ஒவ்வொருவரும் கையில் வாங்கிய சராசரியை எடுத்துக்கொண்டு, மாற்றம் தொடங்கி ஆறு மாதத்துக்கு அதற்குக் கீழே யாருக்கும் போகாது என்று உத்தரவாதம் கேளுங்கள். முதலாளி முகம் சுளிப்பார். அரைகுறையாக ஓடுகிற ஒரு லைனின் ஆறு மாதச் செலவை இதன் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். கோயம்புத்தூர்க்காரருக்குக் கணக்குப் புரியும்.

சட்டத்தையும் அவர் மேஜையில் வையுங்கள், மிரட்டலாக வேண்டாம், தகவலாக. ஷிஃப்ட், வேலை நேரம், வழக்கமாக இருந்துவந்த சலுகை, ஆள் குறைய வாய்ப்புள்ள இயந்திர மாற்றம், இவற்றில் கைவைக்கும் முன் 21 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 1947ஆம் வருடத் தொழிற்தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்தது; அதன் இடத்தில் வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் அதே 21 நாள் இருக்கிறது. சங்கத்தோடு பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் இந்த நோட்டீஸ் தேவைப்படாது. எனவே சங்கத்தைக் கடைசியில் கூப்பிடலாம் என்று இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள், முதல் வாரமே கூப்பிடுங்கள்.

பணம் கொடுத்தால் போதுமா? போதாது. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஹார்வுட் என்று ஒரு பைஜாமா ஆலை. உருப்படிக் கூலி. வேலை முறையை மாற்றும்போதெல்லாம் உற்பத்தி விழுந்தது, ஆட்கள் விலகினார்கள். கற்றுக்கொள்ளும் காலத்துக்கு ஈட்டுத்தொகை கொடுத்தும் இதே கதை. லெஸ்டர் கோச், ஜான் ஃபிரெஞ்ச் என்ற இருவர் அங்கே சோதித்துப் பார்த்து 1948இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு குழுவிடம் புது முறையையும் புதுக் கூலி விகிதத்தையும் விளக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பித்தார்கள், நீங்கள் கூட்டம் போட்ட மாதிரி. உற்பத்தி விழுந்தது விழுந்ததுதான். முதல் 40 நாளில் 17 சதவீதம் பேர் வேலையை விட்டே போனார்கள். வேறு குழுக்களில் எல்லோரும் உட்கார்ந்து புது முறையை வகுப்பதில் பங்கெடுத்தார்கள். அவர்கள் சீக்கிரமே பழைய அளவைப் பிடித்து, அதைத் தாண்டியும் போனார்கள். ஒருவரும் விலகவில்லை. அதே ஆலை, அதே உருப்படிக் கூலி முறை.

இதைப் படித்துவிட்டு நாடகம் போடாதீர்கள். எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கருத்துச் சொல்லுங்கள் என்று சார்ட் பேப்பர் ஒட்டுகிற பழக்கம் நம் கம்பெனிகளில் நிறைய. அதைவிட, இது முடிவாகிவிட்டது என்று நேரே சொல்வது மரியாதை. ஆர்த்தடாக்ஸ் வருவது முடிவாகிவிட்டது, அதைச் சொல்லிவிடுங்கள். எப்படி வரும் என்பதில் நிறைய இடம் இருக்கிறது, அதைத் திறந்துவிடுங்கள். ஈரக் கழிவை எப்படிக் கணக்கிடுவது என்று லீஃப் சூப்பர்வைசர்களே உட்கார்ந்து ஒரு விதி எழுதட்டும். அவர்கள் கை அறிந்ததை எந்தத் தராசும் அறியாது. அந்த விதியை வண்டியில் ஒட்டுங்கள், அவர்கள் பெயரோடு. ஒரே ஒரு வண்டிப் பாதையில், ஒரு மாதம், நோட்டும் தராசும் சேர்ந்தே ஓடட்டும். இரண்டும் வேறுபட்டால் அந்த மாதம் எது கூடுதலோ அதற்குப் பணம் கொடுங்கள். சின்னச் செலவுதான். விவசாயிக்கு எஸ்.எம்.எஸ். மட்டும் போதாது, கையில் சீட்டும் வேண்டும். சிக்னல் கிடைக்காத ஊர்கள் உங்கள் பாதையிலேயே உண்டு. போன் பேரன் கையில் இருக்கிற வீடுகளும் உண்டு.

முற்றல் இலையைத் திருப்பி அனுப்புவதை மட்டும் இப்போதைக்குக் கைவிடச் சொல்வேன். திருப்பி அனுப்பின இலை அடுத்த ஃபேக்டரி வண்டியில் ஏறும், அந்த விவசாயியும் அதிலேயே போய்விடுவார். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கிற விலைக்கு மேலே, நல்ல கொழுந்துக்குக் கிலோவுக்கு இவ்வளவு கூடுதல் என்று ஆரம்பியுங்கள். நல்ல இலை தனிச் சாக்கில் வர ஆரம்பிக்கும். ஆர்த்தடாக்ஸுக்கு அது போதும். மிச்சத்துக்கு சி.டி.சி. இருக்கிறது.

ஏப்ரல் என்கிற தேதி தப்பு. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை கொழுந்து கொட்டுகிற மாதங்கள். ட்ரஃபில் இடமில்லாமல் வண்டி வரிசையில் நிற்கும்போது யாரும் எதையும் கற்றுக்கொள்ள மாட்டார்கள். இப்போது பனிக்காலம், இலை குறைவு, ஆட்களுக்கு நேரம் இருக்கிறது. பனிக்காலத்து இலையில் வாசம் தூக்கலாக இருக்கும், ஆர்த்தடாக்ஸ் முதல் சாம்பிளுக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. மார்ச் வரை சோதனை ஓட்டம், சீசனில் நிறுத்தம், ஜூலையில் முழுசாக என்று முதலாளியிடம் கேளுங்கள். ஷிஃப்ட் மாற்றத்தைத் தராசும் ஆர்த்தடாக்ஸும் நிலைபெற்ற பிறகு எடுங்கள். மூன்றையும் ஒன்றாக அவிழ்த்துவிட்டால் எதில் கோளாறு என்றே தெரியாது.

அக்காமார்கள் கேட்டதற்கு வருகிறேன். முதலாளி இந்த வேலையை உங்களிடம் கொடுத்ததற்கு உங்கள் திறமை ஒரு காரணம், உங்கள் அப்பா இன்னொரு காரணம். ட்ரையர்க்காரர் மகன் சொன்னால் கேட்பார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருப்பார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அது அப்பா சம்பாதித்து வைத்த நம்பிக்கை. முதலாளி கையெழுத்துப் போடாத எதற்கும் அதைச் செலவழிக்காதீர்கள். எந்தப் பக்கம் என்று கேட்டால் சிரித்து மழுப்ப வேண்டாம். "அக்கா, எனக்குச் சம்பளம் கொடுப்பது முதலாளி. நீங்கள் சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் அவரிடம் கொண்டுபோவேன், பதிலை எழுத்தில் கொண்டுவருவேன். ஷிஃப்ட் பட்டியல் என் கையில் இருக்கிறது, ஆள் எண்ணிக்கை என் கையில் இல்லை" என்று சொல்லுங்கள். பாதிப் பேருக்குப் பிடிக்காது. பரவாயில்லை. அடுத்த தடவை பதிலோடு வந்தீர்கள் என்றால் அதுவே பேசும். முதலாளி எந்த எழுத்தும் தர மறுத்தால், அதையும் அவர்களிடம் அப்படியே சொல்ல உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இந்தப் பொறுப்பை இப்போதே திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது.

வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் பதில் போடாதீர்கள். அங்கே போட்ட பதில் ஐந்து நிமிடத்தில் வேறு உருவம் எடுக்கும். டீ குடிக்கிற இடத்தில் ஒரு பலகை வையுங்கள். யார் வேண்டுமானாலும் பெயர் போடாமல் கேள்வி எழுதிப் போட ஒரு டப்பா. திங்கட்கிழமைதோறும் கேள்வியையும் பதிலையும் பலகையில் எழுதுங்கள், உங்கள் கையெழுத்தில். பதில் தெரியாத கேள்விக்கு எதிரே, முதலாளியிடம் கேட்டிருக்கிறேன், அடுத்த திங்கள் சொல்கிறேன் என்று எழுதுங்கள். அடுத்த திங்களும் பதில் வரவில்லை என்றால், இன்னும் வரவில்லை என்று எழுதுங்கள்.